நைட் டியூட்டிக்கு நான் கொண்டுபோகும் குரக்கன் உருண்டை

மட்டக்களப்பில் தாதியாக வேலை செய்கிறேன். இரவு 7 மணிக்கு ஏறினால் காலை 7 மணிக்குத்தான் இறக்கம். முன்பெல்லாம் நடுச்சாமத்தில் ஒரு பனிஸும் சீனி கூடின தேத்தண்ணியும்தான். உடனே தெம்பு வரும், ஆனால் 3 மணிக்கெல்லாம் கை நடுங்கும், கண் இருட்டும். ஒருநாள் மருந்து அளக்கும்போது அளவை மூன்று தரம் சரிபார்க்க வேண்டிவந்தது. அன்றைக்கே பயந்துவிட்டேன்.

அம்மாதான் வழி சொன்னா. குரக்கன் மாவைப் பச்சை வாசம் போகும்வரை மெல்லிய நெருப்பில் வறுத்து, வறுத்த கச்சானைக் கரகரப்பாக இடித்து, கொஞ்சம் எள்ளும் போட்டு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தோடு பிசைந்து உருட்டுவது. சீனி வேண்டாம், தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், பட்டால் நம்மூர் வெக்கைக்குச் சீக்கிரம் பழுதாகிவிடும். ஒரே வாயில் போடும் அளவு போதும், ஏனென்றால் பாதி கடித்தபடி ஓடவேண்டி வரும். ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் தனியாகச் சுற்றுகிறேன், தாளைப் பிடித்தே சாப்பிடலாம்.

அவித்த கடலையும் முட்டையும் கொண்டுபோவேன், ஆனால் அவை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது, போனவுடன் வார்டுக்கு வெளியே ஓய்வறைப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். உருண்டை 12 மணிக்கு இரண்டு, 3 மணிக்கு இரண்டு, நடுவில் தண்ணீர். இப்போது விடியும்வரை கை நடுங்குவதில்லை.