பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால்

பட்டனை அமத்தியதும் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால் உடனே புது ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள். உப்புவெளி, நிலாவெளி எனக் கடலை ஒட்டி நிற்கும் திருகோணமலை வண்டிகளில் உப்புக்காற்று முதலில் தின்பது வயர் முனைகளைத்தான். கீழே உள்ள அளவுகள் 12 வோல்ற் வண்டிக்குரியவை.

முதலில் பற்றரி. இரவு முழுக்க ஓய்ந்த பற்றரி 12.6 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணீர் கெதியாக வற்றும். வடித்த நீர் மட்டும் விடுங்கள், அசிட் வேண்டாம். பட்டனை அமத்தும்போது 9.6க்குக் கீழே விழுந்தால், நல்ல பற்றரி ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். அதுவும் அப்படியே விழுந்தால் மோட்டரோ எஞ்சினோ இறுகியிருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. எஞ்சின் பற்றாமலிருக்க, பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் கொயிலுக்குப் போகும் சிறிய வயரைக் கழற்றுங்கள். கில் சுவிட்ச்சை (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) இதற்குப் பாவிக்காதீர்கள், பல வண்டிகளில் அது ஸ்டார்ட்டரையும் சேர்த்தே நிறுத்திவிடும். மல்ற்றிமீற்றரை டீசீ 20 வோல்ற்றில் வையுங்கள். கறுப்பு முனை பற்றரியின் நெகட்டிவ் ஈயத் தலையில் படவேண்டும், அதில் பூட்டிய லக்கில் (வயர் முனையின் உலோக வளையம்) அல்ல. சிவப்பு முனை மோட்டர் உடம்பில், பெயின்ற் இல்லாத இடத்தில். இனிப் பட்டனை அமத்தி மீற்றரைப் பாருங்கள், ஐந்து செக்கனுக்கு மேல் அமத்தாதீர்கள். 0.2 வோல்ற்றுக்குள் என்றால் எர்த் (நெகட்டிவ் பக்க இணைப்பு) நல்லது, 0.5ஐத் தாண்டினால் கோளாறு அங்கேதான். 100 அம்பியர் ஓடும்போது நூறில் ஒரு ஓம் தடையே 1 வோல்ற்றை விழுங்கிவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீற்றரின் ஓம் அளவு காட்டாது.

பொசிட்டிவ் பக்கமும் இப்படித்தான்: ஈயத் தலையிலிருந்து மோட்டர் போல்ட் வரை. அமத்த முன் 12 காட்டும், அமத்தியதும் 0.5க்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், மோட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்சான சொலினொய்ட்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கிடையில், பட்டனை அமத்தியபடி அளவுங்கள். அங்கே 0.3ஐத் தாண்டினால் உள்ளே கொன்ராக்ட் எரிந்திருக்கிறது.

பழுதான வயரின் றப்பரை லக்கிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் பின்னுக்கு வெட்டிப் பாருங்கள். செம்பு பச்சைக் களிம்பேறிப் பொடியாக உதிர்ந்தால் லக்கை உரஞ்சிப் பயனில்லை. வயரையே மாற்றுங்கள், பழையதை விட மெல்லியது வேண்டாம். பிரேமில் லக் உட்காரும் இடத்தை இரும்பு மினுங்கும் வரை சுரண்டி, நட்டை இறுக்கிய பிறகே மேலே வாஸ்லின் பூசுங்கள்.

வயர்கள் சரி, கிக்கரும் லேசாக இறங்குகிறது என்றால் மட்டும் மோட்டரைத் திறக்கலாம். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி, வொஷர்கள் இருந்த ஒழுங்கைப் படமெடுத்து வையுங்கள். கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் செம்பு வளையமான கொமியூட்டேற்றரை 600ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் துடைத்து, பள்ளங்களிலுள்ள கரித்தூளைக் கிளறி எடுங்கள். ஆர்மேச்சரின் (உள்ளே சுற்றும் பகுதி) பக்கத்தில் உரசிய தடம் மினுங்கினால், அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது.

மோட்டர் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் அசையாவிட்டால் அது மோட்டரின் சுற்றலை எஞ்சினுக்குக் கொடுக்கும் ஸ்டார்ட்டர் கிளச்சின் கோளாறு. அதற்கு மீற்றர் தேவையில்லை, கவரைக் கழற்றி ரோலர்களைப் பார்க்க வேண்டும்.