தாழ்வாரத்துச் சட்டியில் பயத்தங்காய்

சிங்கப்பூரில் கொடி பீன்ஸ் போட நினைப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் பிரெஞ்சு பீன்ஸ் விதைதான். முளைக்கும், படரும், பூக்கவும் பூக்கும். காய் மட்டும் பிடிக்காது. பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் அதன் மகரந்தம் வீணாகிப் பூ உதிர்ந்துவிடும். நம் ஊரில் அநேகமாகத் தினமும் 31, 32. மலேசியாவின் கேமரன் மலைக் குளிருக்கு ஏற்ற செடி அது. இங்கே போட வேண்டியது பயத்தங்காய், மலாய்க்காரர்கள் காச்சாங் பாஞ்சாங் என்பார்களே, அதுதான். சிறகவரையும் நன்றாக வரும். ஆனால் அதன் கொடி கனமானது, அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துக்குத் தாங்காது. சமூகத் தோட்டத்துப் பந்தலுக்கே சரி.

விதை வாங்குமுன் வெயிலைக் கணக்கெடுங்கள். ஒரு நாள் முழுக்க, சட்டி வைக்கப்போகும் இடத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று பாருங்கள். 6 மணி நேரம் வேண்டும். 4 மணி நேரமென்றால் காய் குறையும், ஆனாலும் போடலாம். அதற்கும் கீழே போனால் கீரையே மேல். கிழக்கு, மேற்குப் பார்த்த வீடுகளுக்கு ஆண்டு முழுக்க அரைநாள் வெயில் உண்டு. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையும், தெற்குப் பார்த்ததில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையும்தான் வெயில் எட்டிப் பார்க்கும். விதைப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டி 30 செ.மீ. ஆழமும் 20 லிட்டர் கொள்ளளவும் இருந்தால் மூன்று செடி தாங்கும். செடிமண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. கோழி எருவை அள்ளிக் கொட்டாதீர்கள். பயறு வகை தன் வேர் முடிச்சுகளிலேயே தழைச்சத்தை (நைட்ரஜன்) சேர்த்துக்கொள்ளும்; நாமும் கொட்டினால் இலைதான் மண்டும், பூ வராது. சட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கைப்பிடிச் சுவரின் மேலோ வெளிப்பக்கமோ சட்டி வைக்கவே கூடாது.

விதையை ஊறவைக்க வேண்டாம், அழுகிவிடும். நேராகச் சட்டியில் 2 செ.மீ. ஆழத்தில் ஐந்து விதை ஊன்றுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும். நல்ல மூன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அறுந்துவிடும்.

விதை முளைக்கும் முன்பே கொழுகொம்பு நிற்க வேண்டும். துணி காயப்போடும் மூங்கில் கழி பழசாகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், இதற்கு அருமையாக உதவும். 2 மீட்டர் உயரம் போதும். கொடி தானாக எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுற்றிவிடுங்கள். மாற்றிச் சுற்றினால் மறுநாள் அவிழ்ந்து தொங்கும். உச்சியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும்.

ஆறாவது வாரம் பூ வரும். விடிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் இருபதாவது மாடியில் வண்டு வராவிட்டாலும் கவலையில்லை. மொட்டு உதிர்ந்தால் பெரும்பாலும் மண் காய்ந்திருக்கும்: இந்தச் சமயத்தில் காலை தவறாமல் தண்ணீர், வெயில் கடுமையென்றால் மாலையிலும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

பூத்த பத்துப் பன்னிரண்டு நாளில் காய் தயார். பென்சில் தடிமன் இருக்கும்போதே, விதை புடைக்குமுன் பறியுங்கள். காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கும் காம்பின் நுனியை உற்றுப் பாருங்கள்: கடுகளவில் பச்சை மொட்டுகள் ஒட்டியிருக்கும். அடுத்த காய் அங்கேதான். காம்போடு முறித்தால் அதுவும் போச்சு. காயை மட்டும் கத்தரியால் வெட்டுங்கள்.

காம்பில் எறும்பு ஊர்வது இயல்பு, அங்கே தேன் சுரக்கும். ஆனால் கொழுந்தில் எறும்பு மொய்த்தால் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மாலையில் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் சில சொட்டுப் பாத்திரச் சோப்பும் குலுக்கி அடியுங்கள். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகச் சுருங்கினால் அது அசுவினி பரப்பும் நச்சுயிரி (வைரஸ்) நோய். மருந்தில்லை, செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள். இளஞ்செடியின் தண்டு மண்ணருகே வீங்கி வெடித்து வாடினால் தண்டு ஈயின் வேலை. உயிர் மிச்சமிருந்தால் வீக்கத்துக்கு மேல் வரை மண் அணையுங்கள், புதுவேர் விடும். பூக்கள் நூலாம்படையால் ஒட்டிக் கிடந்தால் உள்ளே காய்ப்புழு. அந்தப் பூக்கொத்தையே கிள்ளிவிட வேண்டும்.

காய்ப்பு ஓய்ந்ததும் வேரைக் கழுவிப் பாருங்கள். விரலால் தள்ளினால் உதிர்கிற, உள்ளே இளஞ்சிவப்பான முடிச்சு நல்லது. வேரே வீங்கிப் பிய்க்க வராமல் இருந்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு: அந்த மண்ணில் மறுபடி பயறு வேண்டாம்.

விதைக்கு நோயற்ற கொடியில் இரண்டு காயை முற்ற விடுங்கள். பழுப்பேறியதும் மழைக்கு முன் பறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொடியிலேயே முளைத்துவிடும். வீட்டுக்குள் ஒரு வாரம் உலர்த்தி, இறுக மூடிய போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள்.