ஆராதனைக்கு வருவோர் குறையும்போது சபை எங்கிருந்து தொடங்க வேண்டும்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள பழைய தென்னிந்தியத் திருச்சபைக் கோவில்கள் பலவற்றில், அசனப் பண்டிகையன்று பந்தி பந்தியாக மக்கள் அமர்ந்து உண்ட அதே ஊரில், அடுத்த ஞாயிறு காலை ஆராதனைக்குப் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. இதைக் கண்டு கவலைப்படும் சபைக் கமிட்டி முதலில் நினைப்பது பெரும்பாலும் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்தைத்தான். கூட்டம் நடக்கும், பந்தல் நிரம்பும். பந்தல் பிரித்த பிறகு வரும் ஞாயிறு பழையபடியே இருக்கும். வராதவர்கள் யார், எதனால் வரவில்லை என்பதைப் பெயர் பெயராக அறியாத சபை எந்த நிகழ்ச்சியை நடத்தினாலும் ஏற்கெனவே வருகிறவர்களே அதற்கும் வருவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் திருச்சபை, ஜெப ஆலயம், மசூதி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக இருப்போர் 1999-இல் 70 சதவீதமாக இருந்து, 2020-இல் 47 சதவீதமாகக் குறைந்ததை காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கெடுப்பு காட்டியது. அங்கே எந்தச் சமயத்தையும் சாராதவர்களாகிவிட்டோர் ஏராளம். நம் கிராமங்களின் நிலை வேறு. இங்கே ஞாயிறன்று காணாமற்போனவர்களில் பலர் இன்றும் வீட்டில் ஜெபிக்கிறார்கள்; அவர்கள் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போயிருக்கலாம், வேறொரு ஜெபக்கூடுகைக்குச் செல்லலாம், அல்லது சபையில் யாருடனோ ஏற்பட்ட மனத்தாங்கலால் விலகியிருக்கலாம். ஆகவே மேல்நாட்டுச் சபைகளுக்கென எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்வதில் பயன் குறைவு.

முதல் வேலை எண்ணுவது. தொடர்ந்து எட்டு ஞாயிறுகள், பிரசங்கம் தொடங்கிய பிறகு, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இருவர் ஆண்கள், பெண்கள், சிறுவர் எனத் தனித்தனியே எண்ணிக் குறிக்க வேண்டும். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிற்றின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுவது நல்லது; ஏனெனில் அன்று மட்டும் வருகிறவர்கள் ஒரு தனி வகையினர், அவர்களை அறிந்துகொள்வதும் தேவை. அதன்பின் சபைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, கோவிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த மூத்த பெண்கள் இருவரையும் உடன் வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் பார்க்க வேண்டும். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், எந்த மகன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குச் செல்கிறான், எந்தக் குடும்பம் எந்தச் சபைத் தேர்தலுக்குப் பிறகு வருவதை நிறுத்தியது என்பதெல்லாம் கமிட்டிச் செயலரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். காரணம் தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள்.

இரண்டாவது வேலை சந்திப்பு. எல்லாவற்றையும்விட அதிக நேரம் இதற்கே செலவாகும், ஆகவும் வேண்டும். 1820-இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்தே இப்பகுதிச் சபைகள் வளர்ந்ததில், ஊருக்குள்ளேயே குடியிருந்து வீடு வீடாகச் சென்று கற்பித்த உபதேசியார்களின் பங்கு மிகப் பெரியது. இன்று ஒரு சேகர குருவின் பொறுப்பில் பல கிராமச் சபைகள் இருப்பதால், எல்லா வீடுகளுக்கும் அவர் ஒருவரே போய்வருவது இயலாது. சபையாரே இருவர் இருவராகச் செல்ல வேண்டியிருக்கிறது. போகும்போது, சபையார் செலுத்தும் சங்கக் காணிக்கையின் ரசீதுப் புத்தகத்தை எடுத்துச் செல்லவே கூடாது. பாக்கி வைத்திருக்கும் குடும்பம் அதைக் கண்டவுடன், வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று முடிவு செய்துவிடும். ‘ஏன் கோவிலுக்கு வருவதில்லை’ என்ற கேள்வியும் வேண்டாம். அது விசாரணையாகவே கேட்கும். உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, வேலை ஆகியவற்றை விசாரித்து, ஜெபிக்க வேண்டிய காரியம் ஏதேனும் உண்டா என்று கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் ஒரு கீர்த்தனையும் சிறு ஜெபமும் ஏறெடுத்து வரலாம். கேட்டறிந்த குடும்ப விஷயம் ஊரில் பேச்சாகிவிட்டால், அந்த வீட்டுக் கதவு மறுபடியும் திறக்காது.

மனத்தாங்கலால் விலகியவர்களிடம் செல்வது மிகவும் கடினம். திருமண்டலத் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின் தொகுப்பு) தேர்தல், கமிட்டித் தேர்தல், கல்லறைத் தோட்ட இடம், திருமணத்துக்கான ஓலை வாசிப்பில் (ஆராதனையில் செய்யும் திருமண அறிவிப்பில்) ஏற்பட்ட தடை எனக் காரணம் எதுவாயினும், எதிரணியாகக் கருதப்படுபவரே நேரில் சென்று, தம் பக்கத்துத் தவறு எதுவோ அதை ஒப்புக்கொள்வதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. நியாயம் யார் பக்கம் என்பதைத் தீர்க்கும் இடமாக அந்தச் சந்திப்பை ஆக்க வேண்டாம். வேறு ஜெபக்கூடுகைக்குச் செல்கிறவர்களைப் பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து குறை கூறுவதையும் நிறுத்துங்கள். அவர்களுடைய பெற்றோர் உங்கள் முன்னேதான் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே போன பலரும் சொல்லும் காரணம், நோயுற்றபோது அந்த ஜெபக்கூடுகையார் உடனே வந்தார்கள் என்பதே. இந்தச் சொல்லைச் சபை தாழ்மையோடு ஏற்க வேண்டும்.

வெளியூருக்குக் குடிபெயர்ந்தவர்களைப் பொறுத்தவரை சபையின் கடமை, அவர்களை அங்குள்ள சபையோடு இணைத்துவிடுவது. பிறந்த ஊரில் பெயர் இருந்தால்தான் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் நல்லது என்று எண்ணி, இரண்டு இடத்திலும் முழுமையாகச் சேராமல் வாழும் இளம் குடும்பங்கள் மிகப் பல. அவர்கள் புறப்படும் ஞாயிறன்றே ஆராதனையில் ஜெபித்து அனுப்பி, போய்ச் சேரும் இடத்துச் சபைக் குருவானவருக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதுங்கள். நம் எண்ணிக்கை குறையுமே என்று தயங்க வேண்டாம்.

ஆராதனை முறையில் செய்யத்தக்க மாற்றங்கள் சிலவே. அறிவிப்புகளைச் சுருக்கலாம், முதியோருக்குச் சாய்வுள்ள நாற்காலியும் நுழைவாயிலில் சாய்தளமும் அமைக்கலாம். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பழைய வேதாகமத் தமிழைச் சபை முன்னிலையில் வாசிக்கத் தடுமாறுவதால் பாடம் வாசிக்க முன்வருவதில்லை. பகுதியை ஒரு வாரம் முன்பே கொடுத்து, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை மாலை உடனிருந்து வாசிக்கச் செய்தால், அந்தப் பிள்ளை மட்டுமன்றி அதைக் கேட்க அவன் வீட்டாரும் வருவார்கள். வாலிபருக்கு நாற்காலி அடுக்கும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு ஆர்வமில்லை என்று வருந்துவது முறையன்று; கணக்கு எழுதுதல், சந்திப்புக்கு உடன் வருதல் போன்ற பொறுப்புகளை ஒப்படையுங்கள். 2020-க்குப் பிறகு தொடங்கிய நேரலை ஒளிபரப்பு படுக்கையில் இருப்போருக்காகத் தொடரட்டும். ஆனால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு முதியவருக்கும் மாதம் ஒருமுறை வீட்டிலேயே திருவிருந்து கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும்.

1841-இல் இடையன்குடிக்கு வந்த மிஷனெரி கால்டுவெல், வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மண்ணிலேயே கழித்து, மக்களை அறிந்தார். இன்று குருவானவர்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்வதால், அந்த அறிவு சபையிடமே தங்க வேண்டும். அதனால் அந்தக் குறிப்பேட்டை ஆண்டுதோறும் அதே எட்டு ஞாயிறுகளில் புதுப்பியுங்கள். புதிய குருவானவர் பொறுப்பேற்கும் வாரத்திலேயே அதை அவர் கையில் கொடுத்து, முதல் மாதத்திலேயே கமிட்டியார் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டு, படுக்கையில் இருப்போர் வீடுகளுக்கு முதலாவதாகவும் விலகியிருப்போர் வீடுகளுக்கு அடுத்ததாகவும் செல்லுங்கள்.