வான் வில்லிபிராண்ட் புரதம்: ரத்தப்போக்கை 'உடல்வாகு' என்று ஒதுக்குவதில் தொடங்கும் தவறுகள்

"எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இப்படித்தான் அதிகமாகப் போகும்." பல குடும்பங்களில் இதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டியும் நிற்காது. நடுராத்திரியில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும். சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள், கொஞ்ச நாளில் சோகை திரும்ப வந்துவிடும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அப்படியே இருந்ததால் அது உடல்வாகு என்று முடிவாகிவிடுகிறது. உண்மையில், குடும்பத்தில் பலருக்கு இருக்கிறது என்பதே ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லும் முதல் காரணம். பரம்பரையாக வரும் ரத்தக் கசிவு நோய்களில் மிகப் பரவலானது வான் வில்லிபிராண்ட் நோய். அதே பெயர் கொண்ட ரத்தப் புரதம் குறைவதாலோ சரியாக வேலை செய்யாததாலோ வருவது அது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அதன் தொந்தரவு இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்காமலேயே ஆயுள் முழுக்க ரத்தம் இழப்பவர்கள் ஏராளம்.

பெயரில் இருப்பவர் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட். 1924-இல் ஃபின்லாந்தின் ஓலாந்து தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சிங்கியில் அவரிடம் காட்டினார்கள். அவளுடைய சகோதரிகள் சிலர் ரத்தப்போக்கில் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். அவர் குடும்ப வரலாற்றைத் தோண்டியெடுத்து 1926-இல் கட்டுரையாக வெளியிட்டார். இது பெரும்பாலும் ஆண்களைத் தாக்கும், ரத்தம் உறையாத நோயான ஹீமோஃபீலியா அல்ல, பெண்களையும் கடுமையாகத் தாக்குகிறது என்று அதில் எழுதினார். அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில் இறந்தாள். அது அவளுடைய நான்காவது மாதவிலக்கு. அந்தக் கட்டுரை வந்து ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகிறது. "ரத்தம் உறையாத நோய் ஆண்களுக்குத்தான் வரும்" என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை. மற்ற தவறுகளை ஓரளவு மன்னிக்கலாம், இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இந்தப் புரதம் என்ன செய்கிறது? ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள்தான் இதைப் பெரும்பாலும் உற்பத்தி செய்து, வேண்டும்போது வெளிவிடச் சேமித்தும் வைக்கின்றன. ரத்தத்தில் இது சுருட்டிப் போட்ட கயிறு போலச் சும்மா மிதக்கும். குழாயில் கீறல் விழுந்து உள்ளே இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிப்பட்டால், அதில் ஒட்டிக்கொண்டு, ரத்த ஓட்டத்தின் இழுவிசையில் நீளமாக விரியும். விரிந்த இடத்தில், கீறலை அடைக்கும் நுண்ணிய ரத்த அணுக்களான தட்டணுக்கள் வந்து ஒட்டும். எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடிப்பு. இன்னொரு வேலையும் உண்டு: ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியைச் சுமந்து பாதுகாப்பது. இந்தத் துணை இல்லாவிட்டால் எட்டாம் காரணி சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அதாவது இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு நீளமாக இருக்கிறது, எந்த நேரத்தில் அளந்தோம் என்பதும் முக்கியம். பரிசோதனையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை மறப்பதால்தான் வருகின்றன.

முதலில், வழக்கமான சோதனைகளை மட்டும் நம்புவது. தட்டணு எண்ணிக்கை சரி, ரத்தம் உறையும் நேரம் சரி, அதனால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். இந்த நோயில் தட்டணு எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள் இரண்டுமே இயல்பாக வரலாம். எட்டாம் காரணி நன்றாகக் குறைந்தால்தான் ஏ.பி.டி.டி. நீளும். நோயைப் பிடிக்க, புரதத்தின் அளவு, அது தட்டணுவோடு ஒட்டும் திறன், எட்டாம் காரணி ஆகிய மூன்றையும் தனியாகக் கேட்டு அளக்க வேண்டும். இந்த நோயில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் புரதம் ஓரளவு குறைவாக இருக்கும். அளவை மட்டும் பார்த்தால் இரண்டாம் வகை தப்பிவிடும். அந்த வகையில் புரதம் ஓரளவு இருக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. அதிலேயே எட்டாம் காரணியைச் சுமக்கும் திறன் மட்டும் கெட்டுப்போன ஓர் உட்பிரிவு உண்டு. அதை மிதமான ஹீமோஃபீலியா என்று தவறாக முத்திரை குத்திவிடுவது எளிது.

அடுத்தது நேரம். காய்ச்சல், பயம், கடும் உடற்பயிற்சி, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எல்லாமே இந்தப் புரதத்தை உயர்த்தும். ஊசியைப் பார்த்து அலறி அழும் குழந்தையிடம் எடுத்த ரத்தம் இயல்பான அளவைக் காட்டிவிடலாம். அறிகுறிகள் பலமாக இருந்தால், ஒரு தடவை 'நார்மல்' என்று வந்ததோடு விடாமல் இன்னொரு நாள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்: எடுத்த ரத்தத்தை அப்படியே ஐஸில் வைத்து அனுப்பினால் புரதத்தின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். ரத்தத்தை அறை வெப்பநிலையிலேயே சீக்கிரம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்த பிறகுதான் உறைய வைக்க வேண்டும்.

ஓ ரத்தப் பிரிவுக்காரர்களுக்கு இந்தப் புரதம் மற்றவர்களைவிடச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைவு. அதனால் அளவு லேசாகக் குறைந்தது என்பதற்காகவே எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரை நோயாளி ஆக்க வேண்டாம். ஆனால் ரத்தப்போக்கும் இருந்தால், "ஓ பிரிவுதானே" என்று விட்டுவிடவும் கூடாது.

மூன்றாம் வகையில் புரதம் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த வகை தோன்றும். தாய்மாமன், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் பகுதியில் இதன் வாய்ப்பு கூடுகிறது. பெற்றோருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது என்பதால், குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்று திகைத்துப்போவார்கள். இதில் யார் மீதும் பழி போட ஒன்றுமில்லை. அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

மருந்தில் நடக்கும் தவறுகள் ஆபத்தானவை. தலைவலிக்கும் உடம்புவலிக்கும் கடையில் வாங்கிப் போடும் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு வலிக்குப் பாரசிட்டமாலே பொருத்தம். டெஸ்மோபிரசின் என்ற மருந்து சேமிப்பில் இருக்கும் புரதத்தை வெளியே தள்ளும், முதல் வகையில் பலருக்கு நன்றாக வேலை செய்யும். மூன்றாம் வகையில் சேமிப்பே இல்லாததால் பயன் இருக்காது. இரண்டாம் வகையின் உட்பிரிவான 2பி-யில் தட்டணுக்கள் இன்னும் குறையக்கூடும், அதனால் பொதுவாகத் தவிர்ப்பார்கள். இந்த மருந்து போட்ட நாளில் தண்ணீரைக் குறைத்துத்தான் குடிக்க வேண்டும். "நிறையத் தண்ணீர் குடி" என்று குழந்தையிடம் சொன்னால், ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம்.

இந்தப் புரதம் குறைந்தால்தான் சிக்கல் என்று நினைப்பதும் தவறு. நீளமான இழைகளைச் சரியான அளவுக்கு வெட்டிவிட அடாம்ட்ஸ்-13 என்ற நொதி இருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலே அதை முடக்கிவிட்டால், வெட்டப்படாத இழைகளில் தட்டணுக்கள் குவிந்து மூளை, இதயம், சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும். டி.டி.பி. என்று அழைக்கப்படும் இந்த நோயை நியூயார்க்கில் மருத்துவர் மாஷ்கோவிட்ஸ் முதலில் விவரித்ததும் 1924-இல்தான். டெங்கு காலத்தில் தட்டணு குறைந்தது என்றாலே, "தட்டணு ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் மருத்துவரை நெருக்குவதைப் பார்க்கிறோம். டி.டி.பி.யில் தட்டணு குறைவது அவை அடைப்புகளில் செலவாகிவிடுவதால்தான். உயிருக்கு ஆபத்தான ரத்தக் கசிவு இருந்தாலொழிய தட்டணு ஏற்றுவதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். உடனடித் தேவை பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை. அது இல்லாத காலத்தில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். தட்டணு குறைவோடு சோகையும் குழப்பமான பேச்சும் சேர்ந்தால், கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப்பூச்சில் உடைந்த சிவப்பணுக்கள் தெரிகின்றனவா என்று பார்க்காமல் விடக் கூடாது.

வயதானவர்களிடம் இன்னொரு உருவம் உண்டு. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தால், குறுகிய வழியில் சீறிப் பாயும் ரத்தத்தில் நீளமான இழைகள் வெட்டுப்பட்டுப்போகும். விளைவு, குடலில் அடிக்கடி ரத்தக் கசிவு. குடலை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது. பலருக்கு வால்வை மாற்றியதும் கசிவு நின்றுவிடுகிறது.

கடைசியாகப் பிரசவம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் புரதத்தின் அளவு பலருக்கு இயல்பைத் தொட்டுவிடும், பிரசவமும் நல்லபடி முடிந்துவிடும். அப்புறம் ஒன்றிரண்டு வாரங்களில் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். ரத்தப்போக்கு தொடங்குவது அப்போதுதான், தாய் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு. அதனால் நோய் இருப்பது தெரிந்தவர்கள், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் எப்போது ரத்தப் பரிசோதனை, ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் எத்தனை நாள், எந்த அளவு ரத்தப்போக்குக்கு உடனே கிளம்பி வர வேண்டும் என்பதை எல்லாம் வீடு திரும்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.