வீட்டு வைஃபையிலேயே ஆபாசத் தளங்களைத் தடுப்பது எப்படி?

குழந்தை கையில் போனைக் கொடுத்த பிறகு ஒவ்வொரு ஆப்பாகத் தேடிப் பூட்டுவதைவிட, வீட்டுக்குள் இணையம் நுழையும் வாசலிலேயே ஒரு வடிகட்டி வைப்பது மேல். பிரிட்டனில் 2013-ல் அரசு வலியுறுத்திய பிறகு, பெரிய இணைய நிறுவனங்கள் புதிய இணைப்புகளில் வடிகட்டியை முன்கூட்டியே டிக் செய்து வைக்கத் தொடங்கின. நம் வீட்டு ரவுட்டரில், அதாவது வைஃபை தரும் பெட்டியில், அதை நாமே செய்துகொள்ளலாம். காசு செலவில்லை.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று போன் முதலில் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். ஆபாசத் தளம் என்றால் சரியான எண்ணைத் தராத டிஎன்எஸ் சர்வர்கள் இருக்கின்றன. கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் 2020-ல் தொடங்கிய குடும்பச் சேவை அப்படிப்பட்டது.

படி 1: வைஃபையில் இணைந்த கணினியில் பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டையில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். இரண்டும் திறக்கவில்லையா? ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

படி 2: உள்ளே போனதும் டிஎன்எஸ் (DNS) என்ற இடத்தைத் தேடுங்கள். இன்டர்நெட் அல்லது டிஹெச்சிபி (DHCP) பகுதியில் இருக்கும். அங்கே கிளவுட்ஃப்ளேர் குடும்பச் சேவையின் எண்களை அடியுங்கள்: முதல் கட்டத்தில் 1.1.1.3, இரண்டாவதில் 1.0.0.3. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: 1.1.1.1 எதையும் தடுக்காது, 1.1.1.2 வைரஸ் தளங்களை மட்டுமே தடுக்கும்.

படி 3: சேமித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள். அப்புறம் குழந்தை அருகில் இல்லாதபோது ஓர் ஆபாசத் தளத்தின் முகவரியை அடித்துப் பாருங்கள். பக்கம் திறக்கக் கூடாது. திறந்தால், ரவுட்டரில் ஐபிவி6 (IPv6) என்ற புதிய இணைய முகவரி முறைக்குத் தனி டிஎன்எஸ் கட்டம் இருக்கிறதா, பிரவுசர் செட்டிங்ஸில் உள்ள ‘செக்யூர் டிஎன்எஸ்’ (Secure DNS) ரவுட்டரை விட்டு வேறு சர்வருக்குப் போகிறதா என்று பாருங்கள்.

படி 4: ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்டிக்கரைப் படிக்கப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்த வடிகட்டி தளத்தை முழுசாகத்தான் தடுக்கும். யூடியூபுக்குள் வரும் வீடியோவை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்கு யூடியூபில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’, கூகுள் தேடலுக்கு ‘சேஃப்சர்ச்’ என்ற வடிகட்டிகள் இருக்கின்றன; இரண்டும் போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் போடுங்கள். வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும், இணையத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் (VPN) போட்டாலும் இந்தக் காவல் போய்விடும்.

இதையெல்லாம் ரகசியமாகச் செய்யாதீர்கள். குழந்தையை உட்காரவைத்து, என்ன தடுத்திருக்கிறோம், ஏன் என்று சொல்லுங்கள். அப்படியும் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் பயப்படாமல் வந்து சொல்லலாம், திட்ட மாட்டோம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.