எம்.எஸ். நோய்: நோயாளரும் குடும்பத்தாரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கண்ணை அசைக்கும்போது வலி எடுக்கிறது. சில நாட்களில் அக்கண்ணின் பார்வை மங்கி, சில வாரங்களில் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. ஓராண்டு கழித்து ஒரு கால் மரத்துப்போய், அதுவும் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வருகிறது. இவை இரண்டும் ஒரே நோயின் இரு வருகைகளாக இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குச் சத்து மாத்திரையும் வாங்கி, அத்துடன் முடித்துக்கொள்கிறோம். ‘சரியாகிவிட்டதே, இனி எதற்கு மருத்துவர்?’ என்ற அந்த நிம்மதிதான் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயில் நேரும் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

சுருக்கமாக எம்.எஸ். எனப்படும் இந்நோயில், கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடங்களில் உருவாகும் தழும்புத் திட்டுகளையும் நோயாளரின் அறிகுறிகளையும் தொடர்புபடுத்தி, 1868-இல் பாரிஸ் நகரில் ழான் மார்த்தான் ஷார்கோ இதைத் தனி நோயாக விளக்கினார். திட்டு எங்கே விழுகிறதோ அதற்கேற்ப அறிகுறியும் மாறும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

நோய் தாக்கும்போது மூன்று முதல் ஐந்து நாட்கள் ஸ்டீராய்டு மருந்து ஏற்றுகிறார்கள். நோயாளர் எழுந்து நடந்ததும் வீட்டாருக்கு அதுவே முழுச் சிகிச்சையாகத் தோன்றிவிடுகிறது. உண்மையில் ஸ்டீராய்டு, தாக்குதலிலிருந்து மீள்வதை விரைவுபடுத்துகிறதே தவிர, அடுத்த தாக்குதலைத் தடுப்பதில்லை. தடுப்பதற்கென்று 1993 முதல் வந்துகொண்டிருக்கும் மருந்துகள் வேறு. உடல் நன்றாக இருக்கும் காலத்தில்தான் அவற்றைத் தவறாமல் எடுக்க வேண்டும் என்பதால், ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று நிறுத்திவிடும் ஆசையும் அப்போதுதான் எழுகிறது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். செலவோ பக்கவிளைவோ தாங்க முடியாதபோது, நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் மிகவும் அஞ்சும் தவறு, அன்பினால் செய்யப்படுவது. ‘எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் நோய் வந்தது’ என்று எண்ணி, அதைக் கூட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் உறவினர்கள் அனுப்புகிறார்கள். எம்.எஸ். எதிர்ப்புச் சக்தியின் குறைவால் வரும் நோயன்று; அது தடம் மாறிச் சொந்த உடலையே தாக்குவதால் வருவது. அதைத் தணிக்கவே மருத்துவர் மருந்து கொடுத்திருக்கும்போது, அதைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் எதையும் அவரைக் கேட்காமல் கொடுப்பது ஆபத்து.

வீட்டுக்குள் அதிகம் காயப்படுத்துவது சோர்வைப் பற்றிய பேச்சு. காலையில் சமைத்து, துவைத்து, சிரித்துப் பேசியவர் மாலையில் ஒரு தம்ளரைத் தூக்கவும் இயலாமல் படுத்துவிட்டால், ‘காலையில் நன்றாகத்தானே இருந்தாய்?’ என்ற கேள்வி வருகிறது. கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. படுத்திருப்பவருக்கு அது சோம்பேறி என்ற குற்றச்சாட்டு. எம்.எஸ். நோயாளர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும் இச்சோர்வு, ஓய்வெடுத்தாலும் முழுமையாக நீங்காதது; அது நோயின் அறிகுறி. நம் ஊர்க் கத்திரி வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. உடற்சூடு சற்றே ஏறினாலும் உறை இழந்த நரம்பில் செய்தி தடைபட்டு, பார்வை மங்கலாம், கால் தள்ளாடலாம். 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் இதைப் பதிவுசெய்தார். உடல் குளிர்ந்ததும் இது தணிந்துவிடும் என்பதால், நோய் முற்றிவிட்டதாக அலற வேண்டியதில்லை. ஈரத்துண்டும் மின்விசிறியும் குளிர்ந்த நீரும் பெரும்பாலும் போதும். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இதேபோல் பழைய அறிகுறிகளைக் கிளப்பும். ஆனால் காய்ச்சலோ சூடோ இல்லாமல், புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கக் கூடாது.

சோர்வைப் புரிந்துகொண்ட குடும்பங்கள் எதிர்த்திசையில் தவறுவதும் உண்டு: நோயாளரை நகரவே விடுவதில்லை. அளவான உடற்பயிற்சி நோயை மோசமாக்குவதில்லை. தசை வலுவையும் மனநிலையையும் காக்கிறது. இளம்பெண் என்றால் திருமணமும் குழந்தையும் கூடாது என்று முடிவுகட்டுவதும் தவறே. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாக்குதல்கள் குறைகின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களில்தான் கூடுதல் கவனம் தேவை. சில மருந்துகள் கருவுக்கு ஏற்றவையல்ல என்பதால், கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரோடு திட்டமிட வேண்டும்.

சக்கர நாற்காலிக்கு வந்தவர்தான் மாற்றுத்திறனாளி என்றெண்ணி, சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் எம்.எஸ். பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என மதிப்பிடப்பட்டால் இடஒதுக்கீடு போன்ற உரிமைகளைக் கோரலாம். மதிப்பீட்டு நாள் உடல்நிலை நன்றாக இருக்கும் நாளாக அமைந்துவிடலாம். ஆகவே எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, எத்தனை முறை விழ நேர்ந்தது, எந்நாட்களில் வேலைக்குச் செல்ல இயலவில்லை என்பவற்றைச் சில மாதங்களாகவே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஸ்கேன் அறிக்கைகளோடு எடுத்துச் செல்லுங்கள்.