காலேஜ் பார்க்கப் போகிற குடும்பத்துக்கு: எந்த நாளில் போவது, எங்கே நிற்பது, திரும்பி வந்து என்ன எழுதுவது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் மார்த்தாண்டத்திலும் கையில் ஃபைலோடு நிற்கிற குடும்பங்களில் பெரும்பாலானவை பார்க்கப்போவது காலியான காலேஜை. அந்த நேரத்தில் செமஸ்டர் தேர்வோ விடுமுறையோ நடந்துகொண்டிருக்கும். வகுப்பு இல்லை, லேப் பூட்டியிருக்கும், மெஸ்ஸில் அடுப்பு எரியாது. கட்டடத்தையும் தோட்டத்தையும் அட்மிஷன் ஆபீஸின் ஏசியையும் பார்த்துவிட்டு "நல்லாதான் இருக்கு" என்று திரும்பி வருவார்கள். அந்த "நல்லாதான் இருக்கு" எதைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது. நாலு வருஷம் அதற்குள் பிள்ளைதான் இருக்கப்போகிறது.

ஆகவே முதல் வேலை, நாளைத் தேர்ந்தெடுப்பது. பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும். பள்ளிக்கு லீவு, காலேஜில் வகுப்பு நடக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. குமரி தமிழகத்தோடு சேர்ந்த 1956ஐ நினைத்து நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3, மகா சிவராத்திரி என்று உள்ளூர் விடுமுறைகள் விடுவார்கள். அவை வார நாளில் வந்தால் திருநெல்வேலியிலும் மதுரையிலும் கோவையிலும் காலேஜ்கள் வழக்கம்போல இயங்கும். வெளிமாவட்டக் காலேஜைப் பார்க்க இதைவிடத் தோதான நாள் கிடைக்காது. நவம்பர் மழைக்காலம் என்பதும் நல்லதே. சுவரில் எங்கே நீர் கசிகிறது, ஹாஸ்டல் வாசலில் எவ்வளவு தண்ணீர் கட்டுகிறது என்பதெல்லாம் கோடையில் போனால் தெரியாது. இந்த நாட்களைத் தவறவிட்டவர்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த உடனேயே, காலேஜில் செமஸ்டர் வகுப்புகள் முடிவதற்குள் போய்விட வேண்டும்.

ஒரு நாளில் இரண்டு காலேஜுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது எல்லோருக்கும் கால் வலிக்கும், அங்கே எதைக் காட்டினாலும் குறையாகத்தான் தெரியும். பிள்ளையோடு பெரியவர்கள் இரண்டு பேர் போதும். மாமா, சித்தப்பா என்று ஆறு பேர் போனால் பிள்ளை பின்னால் நின்றுவிடும்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு மணி நேரம்

காலேஜ் இணையதளத்தில் என்ஐஆர்எஃப் (மத்திய அரசின் காலேஜ் தரவரிசை) என்று ஒரு பகுதி இருக்கும். தரவரிசையில் கலந்துகொள்ளும் காலேஜ்கள் தாங்கள் கொடுத்த விவரத்தை அங்கே பிடிஎஃப் ஆகப் போட்டிருக்கும். அதில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள். உதாரணத்துக்கு, 300 பேர் சேர்ந்த பேட்சில் உரிய காலத்தில் முடித்தவர்கள் 150 பேர் என்றால், பாதிப் பேர் அரியரோடு வெளியே வந்திருக்கிறார்கள் அல்லது நடுவிலேயே நின்றுவிட்டார்கள். எந்த ஃபிளெக்ஸ் போர்டிலும் இந்த எண் இருக்காது. சம்பளத்துக்கு அங்கே மீடியன் என்று ஒரு தொகை கொடுத்திருப்பார்கள். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவருடைய தொகை அது. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது அதன் பக்கத்தில்தான் இருக்கும். போர்டில் பெரிதாக எழுதிய தொகை ஒரே ஒருவருடையது. ஆனால் இந்தக் கணக்கு எல்லாத் துறைக்கும் சேர்த்து வரும். துறைவாரியான எண்ணை நேரில்தான் கேட்க வேண்டும்.

காலேஜ்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் கிரேடு முழுக் காலேஜுக்கும் உரியது. தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. "எங்களுக்கு என்பிஏ இருக்கு" என்றால் எந்தத் துறைக்கு, எந்த வருஷம் வரைக்கும் என்று கேளுங்கள். இன்ஜினியரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் காலேஜ்வாரியாக வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தையும் ஒரு தரம் பாருங்கள். கலை அறிவியல் காலேஜ்களுக்கு நம் பக்கத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தன்னாட்சி பெற்ற காலேஜ் என்றால் கேள்வித்தாளும் திருத்தலும் அவர்களுடையதே, அதனால் அங்கே தேர்ச்சி விகிதத்தை அப்படியே மற்றதோடு ஒப்பிட வேண்டாம்.

உள்ளே போனதும்

காரில் போகாதீர்கள். பிள்ளை தினமும் எந்த பஸ்ஸில், எந்த ரயிலில் போகுமோ அதில் போங்கள். கருங்கலிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ காலேஜ் பஸ் 7 மணிக்கு முன்பே கிளம்புகிறது என்றால், வீட்டில் 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று பொருள். அந்தக் கணக்கு காரில் போனால் மனதில் ஏறாது. ஹாஸ்டலில் சேர்க்கிற எண்ணம் என்றால் வாரக்கடைசியில் ஊருக்கு வர எந்த ரயில், அதில் டிக்கெட் கிடைக்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அட்மிஷன் ஆபீஸில் ஒருவர் வந்து சுற்றிக்காட்டுவார். ஏசி செமினார் ஹால், லைப்ரரி, ஒரு நல்ல கம்ப்யூட்டர் லேப் என்று அவருக்கு ஒரு பாதை இருக்கும். மரியாதையாகப் போய் வாருங்கள். முடிந்ததும், "சார், எங்க பிள்ளை சேரப்போற டிபார்ட்மென்ட்டை மட்டும் கொஞ்சம் பார்த்துட்டுப் போறோம்" என்று கேளுங்கள். உண்மையான பார்வை அங்கேதான் தொடங்குகிறது.

லேபில் நிதானமாக நில்லுங்கள். மெக்கானிக்கல் என்றால் ஒர்க் ஷாப்பில் லேத் மெஷினுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். அடியில் உள்ள தட்டில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, அது பளபளவென்று நீல நிறம் ஓடிக் கிடக்கிறதா, இல்லை பழுப்பேறிக் கிடக்கிறதா? லேத்தின் பெட் எனப்படும் நீளமான அடிப்பாகத்தின் மேல் விரலை வைத்தால் எண்ணெய் ஒட்ட வேண்டும். நம் கடற்காற்றிலும் ஈரத்திலும் எண்ணெய் காணாத இரும்பு சில மாதத்திலேயே துருப்பிடித்துவிடும். விரலில் செம்பழுப்புத் தூள் ஒட்டினால் அந்த மெஷின் ஓடி வெகுநாளாகிவிட்டது. கம்ப்யூட்டர் லேபில் மெஷின்களை எண்ணுவதைவிட, சுவரில் ஒட்டிய டைம்டேபிளையும் மேஜைமேல் இருக்கிற பதிவேட்டில் கடைசியாக எழுதிய தேதியையும் பாருங்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர், ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று லேப் அசிஸ்டென்டிடம் கேட்டால் அவர் மறைக்காமல் சொல்வார். கெமிஸ்ட்ரி லேபில் சிங்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்து வடிந்தால் அங்கே வேலை நடக்கிறது.

ஆசிரியர்கள் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை. இணையதளத்தில் இருக்கிற பெயர்ப்பட்டியலை போனில் திறந்துவைத்து ஸ்டாஃப் ரூம் பெயர்ப்பலகைகளோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் 14 பேர், அறையில் 8 பேர் என்றால் மீதிப்பேர் எங்கே என்று துறைத்தலைவரிடமே கேட்கலாம். 20 மாணவருக்கு 1 ஆசிரியர் என்பது இன்ஜினியரிங்குக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ சொல்லும் அளவு.

பெண்பிள்ளை என்றால் அம்மா மட்டும் தனியாக, காலை இடைவேளை முடிந்த கையோடு மாணவிகள் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். தண்ணீர், தாழ்ப்பாள், நாப்கின் போட மூடியுள்ள கூடை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஹாஸ்டலில் மாதிரி அறையைக் காட்டுவார்கள். ஆள் தங்கியிருக்கிற அறையைக் காட்டச் சொல்லுங்கள். அலமாரியின் பின்பக்கச் சுவரில் பூஞ்சை, ஜன்னலில் கொசுவலை, ஆளுக்கொரு பிளக் பாயின்ட், இவற்றைப் பாருங்கள். மதியம் காசு கொடுத்து மெஸ்ஸில் சாப்பிடுங்கள். சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்புமாக வளர்ந்த பிள்ளை, வெள்ளைச் சோறும் சாம்பாரும் மட்டுமே உள்ள இடத்தில் முதல் மாதம் மெலிந்துபோகும். சேர்க்கக் கூடாது என்பதல்ல, முன்கூட்டியே பேசிவைக்க வேண்டிய விஷயம்.

யாரிடம், எதைக் கேட்பது

பேட்ஜ் குத்திய மாணவர்களிடம் கேட்டுப் பயனில்லை. வாசலுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிற மூன்றாமாண்டு பிள்ளைகளிடம் கேளுங்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் வரும். எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேட்க வேண்டும். "மக்களே, போன செமஸ்டர்ல உங்க கிளாஸ்ல எத்தனை பேர் ஆல் கிளியர்?" "நடுவுல சார் மாறின பேப்பர் எத்தனை?" "ஃபீஸ் போக இந்த வருஷம் எதுக்கெல்லாம் காசு கட்டினீங்க?" மூன்று வெவ்வேறு கூட்டத்தில் கேட்டு ஒரே பதில் வந்தால் நம்பலாம். வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு வெளியே போகிறது என்று கேளுங்கள், அது ஆபீஸில் சொன்ன நேரமாக இருக்காது.

பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் கேட்க வேண்டியது: இந்தத் துறையில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், அதில் எத்தனை தனி ஆட்களுக்கு வேலை கிடைத்தது? "தனி ஆட்கள்" என்ற சொல்லை விடாதீர்கள். ஒரே மாணவருக்கு மூன்று கம்பெனி ஆர்டர் வந்தால் அதை மூன்றாக எண்ணுவதுதான் வழக்கமான ஏமாற்று.

கட்டணத்தை வாயால் கேட்டு வர வேண்டாம். டியூஷன், தேர்வு, பஸ், ஹாஸ்டல், மெஸ் டெபாசிட், யூனிஃபார்ம், டிரெயினிங் என்று வரிவரியாக எழுதி, நாலு வருஷ மொத்தத்தையும் போட்டு ஒரு தாளில் வாங்குங்கள். முதல் பட்டதாரி சலுகையோ அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடோ உள்ளவர்கள், தொகையை முதலிலேயே கழிப்பார்களா, கட்டச் சொல்லிப் பிறகு திருப்பித் தருவார்களா என்று கேட்டு, பதிலையும் அதே தாளில் குறிக்க வேண்டும். அன்றைக்கே "சீட் பிளாக்" என்று அட்வான்ஸ் கட்டாதீர்கள். அசல் சான்றிதழை வைத்துவிட்டும் வராதீர்கள்; சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று 2018லேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவித்திருக்கிறது. ஜெராக்ஸ் மட்டும் கொண்டுபோனால் இந்தப் பேச்சே எழாது.

திரும்பி வரும் வழியில்

இதுதான் பலரும் விட்டுவிடுகிற வேலை. பஸ்ஸில் ஏறியதும் அப்பா "சூப்பர் காலேஜ்" என்று சொல்லிவிட்டால், அதன்பின் அம்மாவும் பிள்ளையும் பார்த்தது அவர்கள் மனதோடு போய்விடும். அதனால் பேசுவதற்கு முன் மூன்று பேரும் தனித்தனியே ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். மூன்று கட்டம்: கண்ணால் பார்த்தது, பிறர் சொன்னது, மனதில் தோன்றியது. "லேபில் 30 பேர், 18 மெஷின்" முதல் கட்டம். "100 சதவீத பிளேஸ்மென்ட்" இரண்டாவது. "மேடம் சிடுசிடுத்தார், எனக்குப் பயமாக இருந்தது" மூன்றாவது. வீட்டுக்கு வந்து பிள்ளையின் தாளை முதலில் படியுங்கள். இரண்டாவது கட்டம் நிரம்பி முதல் கட்டம் காலியாக இருந்தால், நீங்கள் காலேஜைப் பார்க்கவில்லை, விளம்பரத்தைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்னொரு தரம் போங்கள்.

"நம்ம ஆள் ஒருத்தர் அங்கே வேலை பார்க்கிறார்" என்பதும் நம் ஊரில் பெரிய எடை. கோயில் வழியாகவோ சபை வழியாகவோ சொந்தம் வழியாகவோ ஒருவர் இருப்பார். அவசரத்துக்கு அவர் உதவுவார், உண்மை. ஆனால் நடக்காத வகுப்பை அவரால் நடத்த முடியாது. அதை இரண்டாவது கட்டத்தில் ஒரு வரியாக எழுதி விடுங்கள்.

இரண்டு நாள் கழித்துத் தாள்களை மறுபடி எடுத்து, பார்த்த காலேஜ்களை வரிசைப்படுத்துங்கள். கலந்தாய்வில் விருப்பப்பட்டியல் நிரப்பும்போது அதே வரிசையில் போடுங்கள். கட்ஆஃபுக்கு எட்டாது என்று பயந்து பிடித்த காலேஜைக் கீழே தள்ள வேண்டாம். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இடம் தருவார்கள், மேலே போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது.

கட்டணம் எழுதி வாங்கிய தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள். சேரும் அன்று ரசீது போடுவதற்கு முன் அதை எடுத்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பாருங்கள். புதிதாக ஒரு வரி முளைத்திருந்தால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.